நீதியரசரின் வாய்

அந்த நீலத் துணிக்கு அடியில் இருப்பது அப்பாவின் முகம் என்று நம்பித்தான் இத்தனை கறுப்புக் கோட்டுகளும் இந்த வெயிலில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நெற்றி அப்பாவுடையதுதான். மூக்கு, காது, தாடை, அந்த அகலமான கழுத்து எல்லாம் அப்பாவுடையதுதான். வாய் மட்டும் என்னுடையது. இது எனக்குத் தெரியும், சிலை செய்த மாசிலாமணிக்கு ஒருவேளை தெரிந்திருக்கும், வேறு யாருக்கும் தெரியாது. இன்னும் சற்று நேரத்தில் ஐகோர்ட் ஜட்ஜ் ஒருவர் வந்து கயிற்றை இழுப்பார், துணி விழும், இந்தக் கோர்ட்டு வேப்பமரத்தடியில், நீதியரசர் மு. சென்னியப்பன் நூற்றாண்டு நினைவுச் சிலை என்று பொன்னெழுத்தில் வெட்டிய பீடத்தின் மேல், என் வாய் இந்த ஊரைப் பார்த்து லேசாகச் சிரிக்கும். சிரிக்கும் என்பதுதான் இதில் பெரிய கொடுமை, அப்பா சிரிக்கிறவரே இல்லை. மேடையில் எனக்கு நடுவிலிருந்து மூன்றாவது நாற்காலி. அதில் பூப்போட்ட டர்க்கி டவல் விரித்திருக்கிறார்கள், அது முதுகை அரிக்கிறது. அழைப்பிதழில் ஏற்புரை என்று போட்டு, நேரே செல்வி செ. திலகமணி, நீதியரசரின் மகள் என்று அச்சடித்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவளைச் செல்வி என்று போட வக்கீல்களுக்குத்தான் மனசு வரும். தப்பில்லை, சட்டப்படி சரிதான். பக்கத்தில் தம்பி சேனாபதி, பெங்களூரிலிருந்து விடியலில் கிளம்பி வந்தவன், போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இவனிடம் இப்போதே சொல்லிவிடலாமா. என்னவென்று சொல்வது. அடேய், அப்பா வாய் இருக்க வேண்டிய இடத்தில் என் வாய் இருக்கிறது என்றா. அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மோர் வாங்கிவரச் சொல்வான். யாரோ மைக்கைத் தட்டுகிறார்கள். சீஃப் கெஸ்ட்டின் கார் பாலத்தைத் தாண்டிவிட்டதாம்.

அப்பாவின் வாய் எப்படி இருக்கும் என்பதற்கு நான் கண்ணை மூடக்கூட வேண்டியதில்லை. யாராவது பேசுவதைக் கேட்கும்போது கீழுதட்டை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்துக்கொள்வார், அம்மா முறுக்குப் பிழியும்போது முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வதுபோல. வருஷக்கணக்காக அப்படியே பிடித்துப் பிடித்து உதட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது, இடது ஓரம் கொஞ்சம் இறங்கியும் போய்விட்டது. வாதம் முடியும்வரை உதடு உள்ளேயே இருக்கும். உதடு வெளியே வந்தால் முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம், பிறகு எந்தப் பெரிய வக்கீல் வந்து பேசினாலும் ஒன்றும் நகராது. வீட்டிலும் அதேதான். மார்க் ஷீட்டைக் காட்டினாலும் உதடு உள்ளே போகும், அம்மா வீட்டுச் செலவைச் சொன்னாலும் உள்ளே போகும். நாங்கள் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மெட்ராஸில் நான் வக்கீல் கவுன் மாட்டிய இரண்டாம் வருஷம் அவரை ஐகோர்ட் ஜட்ஜாகப் போட்டார்கள். அன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, வெகுநேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, விட்டார். நீ அந்தக் கட்டடத்துல வாதாடினா நான் அந்தக் கட்டடத்துல உக்கார முடியாது அம்மிணி, என்றார். போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நான் பேசாமல் கவுனை மடித்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு உத்தியோகம் ஜட்ஜ் மகளாக இருப்பதுதான், அதற்கு ஓய்வு வயதும் கிடையாது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அந்த உதடு தானாக வெளியே வந்து கிடந்தது. நர்ஸ் வந்து பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒரு வாயைத் தெரிந்துவைத்திருக்கிற நான்தான் மாசிலாமணியிடம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். வாயைத் திறந்து, நான்கு பேர் முன்னால் சொன்னேன்.

படத்தைப் பார்த்துச் செய்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். படம் எங்கே இருக்கிறது. அப்பா முன்சாமத்தில் விளக்கைப் பார்த்த ஆந்தை மாதிரி காமிராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. மரக்கடை வைத்திருந்த பெரியப்பா ஒருவர், ஒன்றுவிட்ட உறவுதான், ஏதோ கல்யாணத்தில் அப்பாவின் தோளோடு தோள் உரசி எடுத்துக்கொண்ட படத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். கடன் கேட்டு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்வார்களாம். அப்பா காதுக்கு அது எட்டிய அன்றே போய்க் கழற்றச் சொன்னார், அதோடு கல்யாணத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஜட்ஜ் முகம் கடைத்தெருவுல தொங்கக் கூடாது என்பார். ஆக மிஞ்சியது பதவியேற்ற அன்று ஸ்டூடியோவில் நேராகப் பார்த்து எடுத்த ஒரே படம், அதில் வாயை இறுக்க மூடியிருக்கிறார், கோடு போட்டதுபோல இருக்கிறது. வக்கீல் சங்கத் தலைவர் பொங்கியண்ணன் அதைத்தான் மாசிலாமணியிடம் கொடுத்தார். மாசிலாமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு படமாவது இல்லாமல் மூக்கையும் தாடையையும் எப்படி எழுப்புவது என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா, நீங்க கொஞ்சம் திரும்புங்க, என்றார். நான் திரும்பினேன். பொங்கியண்ணன், அட, அச்சு அசல் ஐயா என்று தொடையில் தட்டிக்கொண்டார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, பிறந்த நாளிலிருந்து எல்லோரும் சொன்னதுதான். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாமியார்க்காரி சொல்லிவிட்டே போனாள், பொண்ணு நல்ல பொண்ணுதானுங்க, ஆனா அது உள்ள வந்தா எந்திரிச்சு நிக்கோணும் போல இருக்குதுங்க என்று. அதைக் கேட்டு வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வாய் மட்டும்தான் அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை, அம்மாவுக்கு மெல்லிய உதடு. இந்த முகத்தில் எனக்கென்று சொந்தமாக இருக்கிற ஒரே இடம் அதுதான்.

யாரோ ஒரு ஜூனியர் பெண் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுகிறாள், வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மாசிலாமணியின் கொட்டகை ஊருக்கு வெளியே, தகரக் கூரை, உள்ளே ஈரக் களிமண் வாசனை. மேற்பார்வை பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். முதல் நாள் எப்போதும் கட்டுகிற கஞ்சிபோட்ட வெள்ளைச் சேலையில்தான் போனேன். ஸ்டூலில் உட்காரவைத்து, இரும்புக் கவராயத்தால் நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை, காதிலிருந்து தாடைவரை அளந்தார், இரும்பு கன்னத்தில் பட்டபோது சில்லென்றிருந்தது. அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரு ஆண் ஒரு பெண்ணைப் பார்ப்பது அல்ல அது, தச்சன் மரத்தைப் பார்ப்பதுதான், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் முகத்தை அத்தனை நேரம் யாரும் பார்த்ததில்லை. அப்பா பார்த்ததில்லை, சாப்பிடும்போதுகூட தட்டுக்குப் பக்கத்தில் கேஸ் கட்டு இருக்கும். அடுத்த முறை போகும்போது பவுடர் போட்டுக்கொண்டேன். சொல்லவே நாக்குக் கூசுகிறது. அப்பாவுக்குச் சிலை எடுக்கப் போகும்போது, இந்த வயதில், கண்ணாடி முன்னால் நின்று பவுடர் போட்டு, மாம்பழக் கலர் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் காற்று முகத்தில் அடிக்கும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து போனேன். களிமண்ணுக்கு எதற்குப் பவுடர். மாசிலாமணி ஒருமுறை சொன்னார், சிரிக்காதீங்கம்மா, ஐயா சிரிக்கப்படாது என்று. நான் சிரிக்கவில்லையே என்றேன். சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஸ்டூடியோப் படம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் என்னைப் பார்த்துப் பார்த்து மண்ணை அப்பிக்கொண்டே போனார். எதிரில் உயிரோடு ஒரு வாய் இருக்கும்போது யார்தான் அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

குற்றம் கடைசி நாளில் நடந்தது. களிமண் முகம் முடிந்து, வார்ப்புக்குப் போவதற்கு முன் குடும்பத்தார் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம், சங்கத்திலிருந்து பொங்கியண்ணனோடு இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஈரத்துணியை எடுத்தார்கள். ஆண்பிள்ளையாகப் பிறந்து, வழுக்கை விழுந்து, கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மாசிலாமணி ஈரவிரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார், வாய் சரிதானுங்களாம்மா, மாத்தோணும்னா இப்பவே சொல்லிப்போடுங்க, வெண்கலமாயிட்டா அப்புறம் கை வைக்க முடியாது. நன்றாக யோசித்துப் பார்க்கிறேன், அவர் கேட்கத்தான் கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை, வாயைத்தான் கேட்டார். கீழுதட்டை உள்ளே மடியுங்கள், இடது ஓரத்தைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகும், பக்கத்தில் நின்று கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திக் காட்டியிருக்கலாம். என் விரல் எழுந்தது என்றுகூட நினைவு. அந்த வாயைப் பார்த்தேன். அழகாக இருந்தது. சரியா இருக்குதுங்க, என்றேன். மறந்துபோய்ச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாமா. இல்லை. மற்றவர்கள் முன்னால் குறை சொல்ல வேண்டாம் என்ற தாட்சண்யமா. அதுவும் இல்லை. ஆசைப்பட்டேன். அதோடு, ஆசைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, அதை இன்னும் முழுதாகத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வாதாடினால் நான் உட்கார முடியாது என்றீர்கள் அல்லவா, இப்போது உங்கள் ஊர்க் கோர்ட்டு வாசலில் யார் உட்காரப்போகிறார்கள் பாருங்கள் என்று ஒரு குரல். அது என் குரலா என்று கேட்டால் இல்லை என்று சத்தியம் பண்ணமாட்டேன். செத்துப்போன மனுஷனிடம் போய் யாராவது பழி தீர்ப்பார்களா, அதுவும் தன் வாயைக் கொண்டு. பொங்கியண்ணன் அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஐயா முகத்துல ஒரு சாந்தம் வந்திருக்குது என்று மட்டும் சொன்னார். பாவம், இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனவர், அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே பொங்கியண்ணன்தான் இப்போது மைக் முன்னால் நிற்கிறார், சீஃப் கெஸ்ட் வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டுமே. எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவிடம் கடைசி ஜூனியராகச் சேர்ந்தவர், அதைச் சொல்லாமல் அவர் எந்தக் கூட்டத்தையும் தொடங்குவதில்லை. என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். பால் கதை. அப்பா வெளி ஜில்லா ஒன்றில் ஜட்ஜாக இருந்தபோது ஒரு நிலத்தகராறு அப்பீல் வந்தது, கட்சிக்காரர் பெயரைப் படித்ததும் எழுந்து நின்று, இந்த ஆள் வீட்டு மாட்டுப் பாலைத்தான் நான் காலையில் காப்பியில் குடிக்கிறேன், இந்த வழக்கை வேறு ஜட்ஜுக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். நடந்தது இவ்வளவுதான், காசு கொடுத்து வாங்கிய பால்தான் அது. பொங்கியண்ணன் வாயில் அது வருஷா வருஷம் வளர்கிறது. இந்த வருஷம் அப்பா பாலைக் கையால் தொடக்கூட இல்லை, வீட்டுப் பூனை குடித்ததற்கே எழுந்துவிட்டார் என்று ஆகிவிட்டது. கூட்டம் ரசிக்கிறது. தனக்குச் சொட்டுப் பால் அளவுக்குச் சம்பந்தம் இருந்தால்கூடத் தீர்ப்புச் சொல்ல மாட்டார், அதுதானய்யா சென்னியப்பன் என்று அவர் கையை உயர்த்தியபோது எனக்குக் காதுமடல் சுட்டது. நான் என் மூஞ்சிக்கே தீர்ப்புச் சொன்னவள். சம்பந்தப்பட்டவளும் நானே, சாட்சியும் நானே, ஜட்ஜும் நானே. எழுந்து, எனக்கு இதில் சம்பந்தம் இருக்கிறது, வேறு யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அந்தக் கொட்டகையில் சொல்லியிருக்க வேண்டாமா, அவர் மகள்தானே நான். அவருடைய எலும்பு அத்தனையும் எனக்கு வந்தது, அது ஒன்றுதான் வரவில்லை. ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சேனாபதி பக்கம் சாய்ந்தேன். டேய், அந்தச் சிலை வாய், என்றேன். என்னக்கா, என்றான், போனிலிருந்து தலையை எடுக்காமல். ஒன்றுமில்லை என்று நிமிர்ந்துவிட்டேன். சொல்லியிருந்தாலும் என்ன செய்வான், துணியை இறுக்கிக் கட்டிவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்வானா.

வாசலில் சைரன் அடங்கியது, வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பட்டையும் போட்ட டபேதார் முன்னால் வழிவிலக்கிக்கொண்டு வந்தார், பின்னால் சீஃப் கெஸ்ட், என் தம்பியைவிடச் சின்ன வயசு, வேட்டி கட்டி வந்திருந்தார், எல்லோரும் எழுந்தோம். சால்வை, பூச்செண்டு, ஒருவருக்கொருவர் கும்பிடு, அது ஒருபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மேடையிலிருந்து இறங்கிப் பீடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை, வேப்பம்பழம் காலில் நசுங்கி வழுக்கியது மட்டும் தெரிந்தது. கயிற்றை அவர் இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். துணி காதில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் சரிந்தது, நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்து அங்கேயே நின்றுவிட்டது. வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டேன். பாதி முகத்தோடேயே ஒரு சிலை இருந்தால் என்ன, யார் கேட்கப்போகிறார்கள். யாரோ ஒரு கம்பால் நெம்பினார்கள், துணி விழுந்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது. என் வாய் பளபளவென்று மின்னியது, வெண்கலத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. நான் முந்தானையால் என் வாயை மூடிக்கொண்டேன், அழுகிறேன் என்று நினைத்துச் சேனாபதி தோளைத் தொட்டான். ஒரு மூச்சு நேரம் யாருமே சத்தம் காட்டவில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு பொங்கியண்ணன் முதலில் கைதட்டினார், பின்னால் எல்லோரும் தட்டினார்கள், தத்ரூபம், தத்ரூபம் என்று பின்வரிசையில் ஒருவர் சொல்வது காதில் விழுந்தது. யாருக்கும் தெரியவில்லை. ஒருவருக்கும், இந்த ஊரில் ஒருவருக்கும் அப்பாவின் வாய் ஞாபகம் இல்லை. எனக்குப் பயம் போன வேகத்தில் கோபம் வந்தது. இத்தனை பேரும் அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்து வக்கீலானவர்களாம், கதை சொல்கிறார்கள், ஒரு ஆள்கூட இது அவர் வாய் இல்லை என்று சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். எழுதிவைத்திருந்ததைக் கைப்பையில் தேடினேன், கிடைத்தது, எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. மைக் அப்பாவின் உயரத்துக்கு இருந்தது, எனக்கும் அதே உயரம்தான், சரியாகப் பொருந்தியது. இங்கே சொல்லிவிடலாம் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே தோன்றியது. இந்தச் சிலையில் ஒரு பிழை இருக்கிறது, பிழை என்னுடையது, எங்கள் அப்பாவின் கீழுதடு இப்படி இருக்காது என்று சொல்லி, மைக் முன்னாலேயே என் கீழுதட்டை உள்ளே மடித்துக் காட்டினால் போதும், மூக்கும் தாடையும் அவருடையதுதானே, ஒரு நொடி அவர் அப்படியே வந்து நின்றிருப்பார், இந்த முகம் ஒருமுறையாவது உருப்படியான ஒரு காரியத்துக்குப் பயன்பட்டிருக்கும். அவர் முகத்தைப் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான் பாக்கி, நானும் போய்விட்டால் இனி வருகிறவர்கள் இந்தச் சிரிப்பைத்தான் நீதியரசர் சென்னியப்பன் என்று நினைப்பார்கள். உதடு உள்ளே போகவும் போயிற்று, பல்லில் படவும் பட்டது. எதிரில் அத்தனை முகங்கள், அன்பாக, பொறுமையாக, நான் அழுவேன் என்று எதிர்பார்த்துக்கொண்டு. உதட்டை விட்டேன். ரொம்ப நன்றிங்க, சிலை எங்கப்பா அப்படியே இருக்குதுங்க, எனக்கு வேற ஒண்ணும் பேச வரலீங்க, என்றேன். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. பொய்சாட்சி சொன்னவர்களுக்குக் கூண்டிலிருந்து இறங்கும்போது கால் தடுமாறும் என்று அப்பா ஒருமுறை சாப்பாட்டு மேசையில் சொன்னார். எனக்குத் தடுமாறவில்லை, நேராக நடந்து வந்து உட்கார்ந்துவிட்டேன்.

சேனாபதி போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். கைதட்டிய கையைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே, அந்த வாய் உன்னுதுதானக்கா, என்றான். எனக்கு உடனே புரியவில்லை, புரியாததுபோல இருந்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன், பிறகு, உனக்கு எப்படிடா தெரியும், என்றேன். களிமண்ணுல இருந்தப்ப நீயும் பக்கத்துல நின்னு எடுத்து அனுப்பிச்சியே ஒரு படம், ரெண்டு வாயும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு, ஆரு பார்த்தாலும் தெரியும், என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, பொங்கியண்ணன் அன்னைக்கே கூப்பிட்டாரு, என்றான். உதட்டைக் கடிச்சிட்டு இருக்கற மாதிரிதானுங்க ஐயா இருக்கோணும், சிலைக் கமிட்டியில எல்லாருமே சொல்றாங்க, ஆனா அக்கா ஆசைப்படறாங்க போல இருக்குதுங்க, என்ன பண்ணலாமுன்னு கேட்டாரு. நான்தான் விட்டுருங்கன்னேன். நான் எதிரே பார்த்தேன். பொங்கியண்ணன் சீஃப் கெஸ்ட்டிடம் எதையோ காட்டி விளக்கிக்கொண்டிருந்தார், முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள், அந்தக் கண்களில் இருந்ததைத்தான் நான் சற்றுமுன் அன்பு என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. அந்தப் பள்ளம், அந்த இறங்கிய இடது ஓரம் எல்லாமே. தெரிந்துகொண்டே, ஒரு கிழவி ஆசைப்பட்டுவிட்டாள் என்று, தங்கள் பெரியவரின் வாயை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். துணி விழுந்ததும் அடைத்த அந்த மூச்சு எதற்கு என்று இப்போது தெரிந்தது. அவர்கள் முன்னால்தான் நான் எழுந்து நின்று எங்கப்பா அப்படியே என்று சாட்சி சொன்னேன். அவர்களும் தெரியாதவர்கள்போலக் கைதட்டினார்கள், எனக்காகத்தான், மனசு நோகக் கூடாது என்று. பவுடர் போட்டுக்கொண்டு போனதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

குடும்பத்தார் மாலை போடலாம் என்று மைக்கில் சொன்னார்கள். எழுந்திருக்க மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டுதான் எழுந்தேன். சேனாபதி கையைப் பிடித்து இறக்கினான், அவன் பிடி மெதுவாக இருந்தது, சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல, அதையும் தாங்க முடியவில்லை. பெரிய ரோஜா மாலை, தண்ணீர் தெளித்து வைத்ததில் கனத்தது. பீடத்துக்குப் பக்கத்தில் மூன்று படி வைத்த பலகை போட்டிருந்தார்கள். ஏறி நின்றால் முகத்துக்கு நேராக முகம். இவ்வளவு கிட்டத்தில் நான் என்னைக் கண்ணாடியில்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. வெண்கலம் வெயிலில் கொதித்தது, அனல் கன்னத்தில் அடித்தது. தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மாலையைப் போட்டேன். மேலே இழுத்துச் சுருட்டி, தாடைக்குக் கீழே ஒரு சுற்றாக நிறுத்தினால் பூ வாயை மறைக்குமா என்று பார்த்தேன். கனத்தில் அது சறுக்கி மார்புக்குப் போய்விட்டது. மறுபடி இழுத்தேன். மறுபடி சறுக்கியது. கீழே எல்லோரும் பொறுமையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. உள்ளங்கையை அந்த உதட்டின் மேல் வைத்து மூடினேன், சுட்டது, வைத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் கீழேயிருந்து அந்தப் போட்டோக்காரர், வெளியூர்க்காரர், எதுவும் தெரியாதவர், கூப்பிட்டார்.

மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஐயா முகம் மறையுது.

கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றேன்.